மணல் திட்டில் ஏற்றிய விசைப்படகு: அடிப்பாகத் தேய்மானம் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

ஃபைபர் படகை மணலில் ஏற்றி நிறுத்தினால் அடிப்பாகம் கெடுமா என்ற கேள்வி, படகு வைத்திருப்பவர்களிடையே ஓயாமல் எழுவது. "மணல் மெத்தை மாதிரி, ஒன்றும் ஆகாது" என்று ஒருவர் சொல்வார். "ஒருமுறை ஏற்றினாலும் போச்சு" என்று இன்னொருவர் சொல்வார். ஒரே படகைப் பங்காக வாங்கிய இருவருக்குள் இந்த வாக்குவாதம் பணப் பிரச்சினையாக மாறியபோது, படகைப் பார்த்து எழுதித் தரும் வேலை என்னிடம் வந்தது. இருவரின் ஒப்புதலோடு, அடையாளங்களை நீக்கி இதைப் பதிவு செய்கிறேன்.

பின்னணி

படகு சுமார் 6 மீட்டர் நீளம். அடிப்பாகம் ஆழமான V வடிவம், மேலே ஜெல்கோட் என்ற வெள்ளை வெளிப்பூச்சு, பின்சுவருக்கு வெளியே மாட்டிய ஒரு அவுட்போர்டு இன்ஜின். இன்ஜின், எரிபொருள், சாமான்கள் எல்லாம் சேர்த்து எடை ஏறத்தாழ 1,500 கிலோ. தண்ணீரில் இல்லாத நேரத்தில் டிரெய்லரில் இருக்கும். வாங்கி மூன்றாவது பருவம் ஓடிக்கொண்டிருந்தது.

இருவரும் போவது ஒரே இடம்தான்: ஒரு கழிமுகத்தில் ஓதம் (கடல்நீர் ஏற்ற இறக்கம்) வற்றும்போது மேலே தெரியும் மணல் திட்டு. ஆனால் படகை நிறுத்தும் விதம் வேறு வேறு. மூத்தவர் இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, கரைக்குச் சற்று முன்னால் நிறுத்தி மேலே தூக்கிவிடுவார். படகு தன் வேகத்திலேயே போய் மூக்கு மணலில் தொடும். ஆட்கள் இறங்கியதும் படகைப் பின்னால் தள்ளி, இடுப்பளவு நீரில் நங்கூரம் போட்டு மிதக்க விடுவார். இளையவருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. மூக்கை மணலில் வைத்து, ஒரு கயிற்றைக் கரையில் கட்டிவிட்டு, மதியம் முழுக்க அப்படியே விட்டுவிடுவார். பின்பக்கம் நீரில், முன்பக்கம் மணலில்.

நடந்தது

குறிப்பிட்ட அந்த நாளில் படகு இளையவரிடம் இருந்தது. ஓதம் வற்றத் தொடங்கியதை யாரும் கவனிக்கவில்லை. கவனித்தபோது படகு அசைய மறுத்தது. இன்ஜினை இறக்கிப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தார்கள். மணல் கலங்கியதுதான் மிச்சம். கொஞ்ச நேரத்தில் நீர் முழுதும் வடிந்து, படகு வலப்பக்கம் சாய்ந்து மணலில் உட்கார்ந்துவிட்டது.

தொல்லை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. நீர் திரும்பி ஏறியபோது கடல் பக்கம் இருந்த பின்பகுதி முதலில் மிதந்தது. முன்பகுதி மணலை விடவில்லை. அந்த நேரம் பார்த்து கழிமுகத்தில் மற்ற படகுகளின் போக்குவரத்து அதிகமாக, அவை கிளப்பிய அலைகள் ஒவ்வொன்றும் படகைத் தூக்கித் தூக்கிப் போட்டன. பின்பக்கம் இடமும் வலமும் ஆடியது. சில அலைகள் பின்சுவரைத் தாண்டி உள்ளேயும் வந்தன. படகின் அடியில் சேரும் நீரை வெளியேற்றும் பில்ஜ் பம்ப் காப்பாற்றியது. படகு முழுதாக மிதக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனதாக இருவருமே சொன்னார்கள்.

டிரெய்லரில் ஏற்றியபோது கீலில், அதாவது அடியின் நடுவே முன்னிருந்து பின்வரை ஓடும் கூரான கோட்டில், ஓரிடத்தில் வெண்மையான நார் தெரிந்தது. "மணலில் ஏற்றுவதே தப்பு, இனி வேண்டாம்" என்றார் மூத்தவர். "நீங்களும்தான் ஏற்றுகிறீர்கள். மூன்று வருடத் தேய்மானத்தை என் தலையில் கட்டாதீர்கள்" என்றார் இளையவர்.

அடிப்பாகத்தில் பார்த்தவை

படகை உயரத் தாங்கிகளில் வைத்து, நன்னீரில் கழுவி, சாய்வான வெளிச்சத்தில் பார்த்தேன். சேதம் ஓரிடத்தில் இல்லை, மூன்று இடங்களில் இருந்தது. மூன்றும் மூன்று வகை என்பதுதான் இந்த வழக்கின் சாரமே.

முதலாவது, அணியம், அதாவது படகின் முன்முனை, வளைந்து கீலாக மாறும் இடம். ஒரு சாண் நீளத்துக்கு ஜெல்கோட்டின் பளபளப்பு போய் மங்கியிருந்தது. கீறல்கள் மெல்லியவை, நகத்தில் அரிதாகவே தட்டுப்பட்டன. எல்லாம் நீளவாட்டில், படகு போகும் திசையிலேயே ஓடின. மணலில் ஏறும்போதும் தள்ளி இறக்கும்போதும் வருபவை இவை. மூன்று பருவத்தின் சேர்மானம் இவ்வளவுதான்.

இரண்டாவது, அதற்குப் பின்னால், படகு நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி. கீலின் கூர்முனை இரண்டு விரல் அகலத்துக்குத் தட்டையாகியிருந்தது. முன்பின்னாக சுமார் 40 சென்டிமீட்டர் நீளம். ஜெல்கோட் முழுதும் போய், அடியில் இருந்த கண்ணாடியிழை மேட் (இழைகளாலான பாய்) வெளியே தெரிந்தது. நடுவில் 2 மில்லிமீட்டர் ஆழம் வரை அரித்திருந்தது. இங்கே கீறல்கள் நீளவாட்டில் இல்லை. குறுக்கே, வில் போல வளைந்து ஓடின. முன்னேயும் பின்னேயும் நகரும் படகு இப்படிக் குறுக்குக் கீறல் போடாது. முன்பகுதி மணலில் ஊன்றியிருக்க, பின்பகுதி மிதந்து இடம் வலமாக ஆடினால்தான் போடும். அந்த மாலையில் நீர் ஏறியபோது படகு எப்படி ஆடியதாகச் சொன்னார்களோ, அதே ஆட்டம்தான் அங்கே பதிவாகியிருந்தது.

மூன்றாவது, அடிப்பாகத்தில் நீளவாட்டில் ஓடும் வரப்புகளின் விளிம்பில் சில்லுச் சில்லாகப் பெயர்ந்த இடங்கள். நாணய அளவு. ஓரங்கள் கூர்மையாக இருந்தன. உள்ளே பார்த்தால் வழுவழுப்பான குழி. இது தேய்மானமே இல்லை. அச்சில் படகு வார்க்கும்போது கூரான மூலைகளில் மேட் சரியாகப் பதியாமல் போனால், ஜெல்கோட்டுக்குப் பின்னால் காற்றுக் குமிழ் தங்கிவிடும். மேலே இருக்கும் ஜெல்கோட் வெறும் ஓடு போல நிற்கும். எதில் பட்டாலும் உடையும். டிரெய்லர் தாங்கியில் அழுந்தினாலும் உடைந்திருக்கும். மணலில் பட்டபோது உடைந்தது, அவ்வளவே.

இவை போக, படகு சாய்ந்து உட்கார்ந்த வலப்பக்க விளிம்பில் லேசான சிராய்ப்பும், சிப்பி ஓடு ஏதோ கிழித்தது போன்ற ஒரு தனிக் கோடும் இருந்தன. ஜெல்கோட்டைத் தாண்டவில்லை.

அடுத்து, உள்ளே ஏதாவது விட்டுப் போயிருக்கிறதா என்ற சோதனை. பிளாஸ்டிக் பிடியுள்ள திருப்புளியால் அடிப்பாகம் முழுக்கத் தட்டிப் பார்த்தேன். அடுக்குகள் பிரிந்திருந்தால் அந்த இடம் மந்தமாக ஒலிக்கும். எங்கும் அப்படி ஒலிக்கவில்லை. தரைத் திறப்புகளைத் திறந்து, உள்ளே நீளவாட்டுத் தாங்கு சட்டங்கள் அடிப்பாகத்தோடு ஒட்டும் இடங்களைப் பார்த்தேன், விரிசல் இல்லை. படகு மணலில் உட்கார்ந்ததால் அதன் கட்டமைப்புக்குச் சேதம் இல்லை என்று இதிலிருந்து சொல்லலாம். கல் இல்லாத மென்மணல் எடையைப் பரவலாகத்தான் தாங்கும். சரியாக அமைக்காத டிரெய்லர் தாங்கிகள் இரண்டு மூன்று இடங்களில் எடையைக் குவிப்பதைவிட அது மேல்.

ஈரப்பதமானி மட்டும் வேறு கதை சொன்னது. நார் தெரிந்த இடத்தைச் சுற்றி, மற்ற இடங்களைவிட ஈரம் தெளிவாக அதிகம். இந்தக் கருவி காட்டும் எண்ணைத் தனியாக எடுத்துக்கொண்டு முடிவு கட்டக் கூடாது, பக்கத்து இடத்தோடு ஒப்பிட மட்டுமே அது உதவும். ஒப்பிட்டபோது வேறுபாடு ஐயத்துக்கு இடமில்லாமல் இருந்தது.

ஜெல்கோட் ஏன் முக்கியம்

ஜெல்கோட்டின் கனம் பொதுவாக அரை மில்லிமீட்டர் அளவே. நிறமி கலந்த பாலியெஸ்டர் ரெசின் (இறுகும் பிசின்)தான் அது. உள்ளே இழை கிடையாது. மணலின் பெரும்பகுதியான குவார்ட்ஸ், மோஸ் கடினத்தன்மை அளவில் 7. சாதாரணக் கண்ணாடி 5.5 அளவில் நிற்கும், ஜெல்கோட் அதைவிடவும் மென்மை. ஆகவே மணல் பட்டால் கீறல் விழுவது நிச்சயம். கீறல் எவ்வளவு ஆழம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஜெல்கோட்டுக்குள்ளேயே நிற்கும் கீறல் கண்ணுக்கு மட்டுமே கேடு. அது போய் இழை வெளிப்பட்டால், இழைகளின் ஓரமாகவே நீர் உள்ளே ஊறிப் போகும். பாலியெஸ்டர் ரெசினை நீர் மெதுவாகச் சிதைக்கும். வருடக்கணக்கில் விட்டால் அடுக்குகளுக்கிடையே கொப்புளங்கள் கிளம்பும். குத்தினால் புளிக்காடி வாடையோடு திரவம் வரும். டிரெய்லரில் காயும் படகுக்கு இந்த ஆபத்து குறைவு, எப்போதும் நீரிலேயே கிடக்கும் படகுக்கு அதிகம்.

ஒரு சிறு கணக்கு

மூத்தவரும் இளையவரும் கேட்டது ஒன்றுதான்: ஏற்றும் நேரத்தில் சேதமா, விட்டுவைக்கும் நேரத்தில் சேதமா? கீறல்களின் திசை ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது. ஆனாலும் எண்ணில் காட்டினால்தான் சண்டை ஓயும் என்று தோன்றியது.

1,500 கிலோ படகு நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில், அதாவது சுமார் 2 நாட் வேகத்தில் வந்து மணலில் நின்றால், கரைய வேண்டிய இயக்க ஆற்றல் 750 ஜூல். ஒரு மீட்டர் தூரத்துக்குள் நின்றால் சராசரி விசை 750 நியூட்டன். ஒரு ஆளின் எடை அளவு. வேகத்தை நொடிக்கு 2.5 மீட்டராக்கினால் ஆற்றல் ஆறு மடங்குக்கு மேல் போய்விடும். வேகம் இங்கே இருமடியாக வேலை செய்கிறது.

இப்போது அரைகுறையாக மிதக்கும் படகைப் பார்ப்போம். ஓர் அலை அதன் எடையில் பாதியை 10 சென்டிமீட்டர் தூக்கிப் போடுகிறது என்று வைத்தால், ஒவ்வொரு விழுகைக்கும் சுமார் 735 ஜூல். ஒரு மெதுவான ஏற்றத்துக்குச் சமம். அலை 5 நொடிக்கு ஒன்று வந்தால் மணிக்கு 720 முறை. எல்லா அலையும் அப்படித் தூக்காது, விழும்போது நீரும் கொஞ்சம் தாங்கும். சரி, பத்தில் ஒரு பங்கு என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு மணி நேரத்தில் 70 தடவை மணலில் ஏற்றியதற்குச் சமமாகிறது. அதுவும் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில், குறுக்காக அரைத்தபடி.

இந்தக் கணக்கைப் பார்த்தபின் இளையவர் வாதாடவில்லை. மூத்தவரும் "இனி மணல் பக்கமே போகக் கூடாது" என்பதை விட்டுவிட்டார். வரப்பு விளிம்புகளின் செலவை இருவரும் பாதிப் பாதியாக ஏற்றார்கள், கீல் காயத்தை இளையவர் ஏற்றார். அது அவர்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. என் அறிக்கையில் அந்தப் பேச்சே இல்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு: உடனே அடைக்கக் கூடாது. ஈரத்தோடு மூடினால் மேல்பூச்சு ஒட்டாது, நீரும் உள்ளேயே சிறைப்படும். நன்னீரில் பலமுறை கழுவி உப்பை நீக்கி, கூரை உள்ள காற்றோட்டமான இடத்தில் படகை வைத்தோம். ஈரப்பதமானி சுற்றுப்புறத்தோடு ஒத்துவரும்வரை காத்திருந்தோம். பருவத்தின் நடுவில் இது இருவருக்கும் எரிச்சல்தான்.

இரண்டாவது, அணியத்தில் உள்ள மெல்லிய கீறல்களை அப்படியே விடுவது. அவற்றைத் தேய்த்து மெருகேற்றினால் இருக்கிற அரை மில்லிமீட்டரில் இன்னும் கொஞ்சம் போகும். அழகுக்காகக் காப்பைக் குறைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

மூன்றாவது, கீல் காயத்துக்கு வெறும் புட்டி போடாமல் மேட் வைத்துக் கட்டுவது. எடை முழுதும் விழும் கோடு அது. இழை இல்லாத புட்டி அங்கே அடுத்த ஏற்றத்திலேயே நொறுங்கலாம். உறுதியான இழை தெரியும்வரை அரைத்து, காயத்தின் ஓரங்களை ஆழத்தைப் போல 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாக்கினோம். 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு 24 மில்லிமீட்டர் சரிவு. ரெசின் தேர்வில் கொஞ்சம் யோசித்தோம். பழைய அடுக்கில் எபாக்ஸி மற்றவற்றைவிட நன்றாகப் பிடிக்கும். ஆனால் அதன் மேல் பாலியெஸ்டர் ஜெல்கோட் ஒட்டுவதில் தொல்லை வரலாம். வைனைல் எஸ்டர் நீரை நன்றாகத் தடுக்கும், மேலே ஜெல்கோட்டையும் ஏற்கும். காயம் ஆழமில்லாததால் அதையே எடுத்தோம். கடைசி ஜெல்கோட் பூச்சில் மெழுகுக் கரைசல் சேர்த்தோம். காற்றுப் பட்டால் ஜெல்கோட்டின் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே நின்றுவிடும்; மெழுகு அந்தக் காற்றைத் தடுக்கும். அப்புறம் 320 முதல் 1000 வரை உப்புத்தாளில் நீர் விட்டுத் தேய்த்து முடித்தோம்.

வரப்பு விளிம்புகளில் குமிழ்களைத் தேடித் தட்டி, பொள்ளலாக ஒலித்தவற்றை நாமே உடைத்துத் திறந்து நிரப்பினோம். இப்போது முழுசாகத் தெரிகிறதே என்று விட்டால் தண்ணீரில் உடையும்.

நான்காவது, கீலுக்குக் காப்புப் பட்டை. பாலிமர் பட்டையைப் பசையால் ஒட்டுவது. தேய்வதற்கென்றே இருக்கிறது, தேய்ந்தால் மாற்றலாம். புது ஜெல்கோட் நன்றாக இறுகியபின், மெழுகு துளியும் இல்லாமல் துடைத்து ஒட்டினோம். நீர்க்கோட்டுக்குச் சற்று மேலிருந்து தொடங்கி, காயம் பட்ட இடத்தைத் தாண்டும்வரை மட்டும். பின்பக்கம் வரை இழுத்தால் புரொப்பெல்லருக்கும் ஆழமானிக்கும் போகும் நீர் கலங்க வாய்ப்புண்டு. பட்டை இருக்கிறதென்று படகை அலையில் விட்டுவைக்கலாம் என்று யாரும் நினைக்கக் கூடாது. கீலின் கூர்முனையைத் தவிர வேறெதையும் அது மூடுவதில்லை.

இன்ஜின்

கேட்டது அடிப்பாகத்தைப் பற்றி என்றாலும், அன்று கலங்கிய மணல் எங்கே போயிருக்கும் என்பதும் பார்க்க வேண்டியதே. குளிரூட்டும் நீரின் பீச்சல் மெலிந்திருந்தது. பம்பைத் திறந்தால், நீரைத் தள்ளும் ரப்பர் சுழலியான இம்பெல்லரின் இதழ்கள் தேய்ந்து, உறைக்குள் மணல். இம்பெல்லரை மாற்றி, நன்னீர் ஓட்டிக் கழுவியதும் பீச்சல் சரியானது. மணலில் சிக்கியதும் பின்னோக்கி ஓட்டிய அந்தச் சில நிமிடங்களின் விலை இது.

பின்பு நடந்தவை

இருவரும் மணல் திட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை. முறையை மாற்றினார்கள். கரையை நெருங்கும்போதே, பல படகு நீளத்துக்கு முன்னால், பின்பக்க நங்கூரத்தை இறக்கிவிட்டுக் கயிற்றை விட்டுக்கொண்டே வருகிறார்கள். மூக்கு தொட்டதும் ஆட்கள் இறங்க, பின்கயிற்றை இழுத்துப் படகை முழங்காலுக்கு மேல் நீருள்ள இடத்தில் நிறுத்துகிறார்கள். முன்கயிறு கரையில் புதைத்த இன்னொரு நங்கூரத்துக்குப் போகிறது. ஓதம் வற்ற வற்ற, பின்கயிற்றை இன்னும் கொஞ்சம் இழுப்பது ஒருவர் பொறுப்பு.

ஒருமுறை அப்படியும் தரை தட்டியிருக்கிறார்கள். அன்று இன்ஜினைத் தொடவில்லை. சாயப்போகும் பக்கத்தில் கல், சிப்பி இருக்கிறதா என்று கையால் தடவி அகற்றி, விளிம்புக்கு அடியில் ஃபெண்டர் (படகு மோதாமல் காக்கும் மெத்தை) வைத்தார்கள். பின் நங்கூரத்தை நடந்தே ஆழத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டு, கயிற்றை விறைப்பாகக் கட்டினார்கள். நீர் ஏறி பின்பகுதி மிதந்த உடனேயே எல்லோரும் பின்னால் போய் எடையை மாற்றிக் கயிற்றை இழுக்க, அரைமிதப்பு நேரம் சில நிமிடங்களோடு முடிந்தது.

அடுத்த பருவத்தின் முடிவில் மீண்டும் பார்த்தபோது, காப்புப் பட்டையில் நிறையக் கீறல்கள், எல்லாம் நீளவாட்டில். குறுக்குக் கீறல் ஒன்றிரண்டுதான். கட்டிய இடத்தைத் தட்டினால் ஒலி தெளிவு. ஈரமும் சுற்றுப்புறத்தோடு சமம். பட்டையின் முன்னோரம் ஓரிடத்தில் லேசாகத் தூக்கியிருந்தது. மணல் உள்ளே புகுந்தால் அதுவே அரைக்கத் தொடங்கும் என்பதால் மீண்டும் ஒட்டி, ஓரத்தை மூடினோம். வரப்பு விளிம்பில் புதிதாக இரண்டு சில்லுகள். முன்பு தட்டியபோது தப்பிய குமிழ்கள்.

மாற வேண்டியவை

படகு வாங்கியதுமே அடிப்பாகத்தைப் படம் எடுத்து, ஈரப்பதமானி அளவையும் குறித்து வைத்திருந்தால், பாதி வாக்குவாதம் எழுந்தே இருக்காது. பங்குப் படகுக்கு இது அவசியம் என்பேன். காப்புப் பட்டையும் மணலில் ஏற்றப்போகும் படகுக்கு முதல் நாளே ஒட்ட வேண்டியது, காயம் வந்தபின் அல்ல. வார்ப்புக் குமிழ்களை உத்தரவாதக் காலத்துக்குள் கண்டுபிடித்திருந்தால் கட்டிக்கொடுக்கும் பொறுப்பு வேறு இடத்துக்குப் போயிருக்கலாம்; இவர்கள் பார்த்தபோது அந்தக் காலம் கடந்திருந்தது.

இதை எல்லாப் படகுக்கும் அப்படியே பொருத்த முடியாது. அலுமினியப் படகில் ஜெல்கோட் என்ற பிரச்சினையே இல்லை. வண்ணம் போகும், கல்லில் பட்டால் நசுங்கும். வார்த்த பாலிஎதிலீன் படகு கீறல் விழுந்தாலும் நீரை உள்ளே இழுக்காது. மாறாக, அடிப்பாகத்தில் பால்சா மரம் வைத்து வார்த்த படகில் இதே 2 மில்லிமீட்டர் காயம் மிகப் பெரிய செலவாகியிருக்கும். மரத்துக்கு நீர் போனால் அழுகல் அந்த இடத்தோடு நிற்காது. ஜெட் இன்ஜின் படகாக இருந்தால், நீரை அடியிலிருந்து உறிஞ்சும் அதை இந்த அளவு ஆழம் குறைந்த நீருக்குள் ஓட்டியே வரச் சொல்லமாட்டேன்.

வலப்பக்க விளிம்புக்கும் பட்டை ஒட்டலாமா என்று இளையவர் கேட்டார். அந்த விளிம்பு மணலைத் தொடுவது படகு முழுதும் தரை தட்டிச் சாயும்போது மட்டும்தான். அந்த நிலைக்கே படகு போகக் கூடாது என்பதால் வேண்டாம் என்றேன். அவர் எப்படியும் ஒட்டிக்கொண்டார். அடுத்த பரிசோதனையில் அதில் ஒரு கீறலும் இல்லை.